எட்டு மூலைப் புல்லி

அப்பா போன பிறகு மாவு மில்லை அக்காவும் நானும்தான் நடத்தினோம். மெஷின் அவள் பொறுப்பு; சலிப்பதும் மூட்டை கட்டுவதும் என் பொறுப்பு. மில்லை விற்றுவிடலாம் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டதில் அவளுக்கு மனத்தாங்கல். அவசியத்துக்கு மட்டும்தான் பேச்சு.

ஒருநாள் காலை மோட்டாரில் இருந்த மரப் புல்லி இரண்டாகப் பிளந்துவிட்டது. பெல்ட் அந்தச் சக்கரத்தின் மேல்தான் ஓட வேண்டும். புதிதாகக் கடைந்து தரும் லேத் பட்டறைக்காரரோ மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அரைக்க வந்தவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். அக்கா தடித்த சதுரப் பலகை ஒன்றை எடுத்து நடுவே துளை போட்டாள். ரம்பத்தால் நான்கு மூலையையும் அறுத்தாள். எட்டு மூலையோடு ஒன்று வந்தது. வட்டமாக இல்லையே என்றேன்.

"சுத்தும்போது வட்டமாத்தானே தெரியும்" என்றாள்.

அதை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் சாமி வந்தது போல ஆடியது. மூலை வரும்போது பெல்ட் விறைத்தது, தட்டைப் பக்கம் வரும்போது தொளதொளத்தது. அலமாரி டப்பாக்கள் உருண்டன; மாவுக்கூடை எங்கள் மேலேயே கவிழ்ந்தது. புருவம் வரை வெள்ளையாக நின்ற அக்காவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு ஒரு நூலை மையத்தில் வைத்து அளந்தாள். மூலைக்கு நூல் போதவில்லை, தட்டைப் பக்கத்தில் மிஞ்சியது.

"எல்லாப் பக்கமும் ஒரே தூரம் இருந்தாத்தான்டி பெல்ட் ஒரே மாதிரி இழுபடும். ஒரு பக்கம் கனம் கூடினா மோட்டாரையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும்."

பெல்ட் இல்லாமல் மோட்டாரை ஓட்டினாள். நான் ஒரு கட்டையை அழுத்திப் பிடிக்க, அதன்மேல் உளியை ஊன்றிப் புல்லியில் வைத்தாள். முதலில் தடதடத்தது. நீட்டிக்கொண்டிருந்த மூலைகள் தாமாகவே வந்து உளியில் மோதித் தேய்ந்தன. மரச்சுருள் பறந்தது. போகப்போக உளி அதிராமல் வழுக்கியது. சுற்றிச் சுற்றியே அது வட்டமாகிவிட்டது.

மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் அரைத்துக் கொடுத்தோம். கதவைச் சாத்தும்போது, இன்னும் விற்க வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அவள் கல்யாணமாகிப் போன பிறகும் வெகுகாலம் நான் மில்லை ஓட்டினேன். இரும்புப் புல்லி வந்தது, புது மோட்டார் வந்தது. எல்லாம் சத்தமில்லாமல் ஓடின. ஆனாலும் சில காலைகளில், பக்கத்தில் அவள் இல்லாமல் ஸ்விட்சைப் போடக் கை தயங்கும்.