சென்னப்பனின் தோல்வார்

சென்னப்பன் இறந்த மூன்றாம் நாள், அவர் கத்தி தீட்டிவந்த தோல்வாரில் தாடி முளைத்தது. இடப்பக்கம் ஒரு சுழி இருந்ததால் அது யாருடைய தாடி என்பதில் மகள் மாதேஸ்வரிக்குச் சந்தேகம் வரவில்லை. சூளகிரிக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊருக்கு நாற்பது வருடம் சவரம் செய்தவர் அவர். கடைசி நான்கு மாதம் படுக்கையில் கிடந்தபோது அவர் முகத்தை மழிக்க ஒருவரும் வரவில்லை. மாதேஸ்வரி கத்தியை எடுத்தபோது, பெண் தொட்டால் ஊர் பேசும் என்று அவரே தடுத்துவிட்டார். மூன்று விரற்கடை நீளத் தாடியோடுதான் அவரைத் தூக்கிப் போனார்கள்.

இப்போது தடுக்க ஆள் இல்லை. ஓசூர் சிப்காட் தொழிற்சாலையில் கிரைண்டிங் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்த்துவந்தவளுக்கு இரும்பின் குணம் தெரியும். கொம்புப் பிடி போட்ட மூன்று சவரக்கத்திகளையும் எடுத்து, எண்ணெயில் நனைத்த வாட்டர் பேப்பரால் நீளவாக்கில் மட்டும் தேய்த்துத் துருவை எடுத்தாள். பிடியின் மூட்டில் இறுகிய பழைய சோப்பைத் தீக்குச்சியால் சுரண்டினாள். தோலுறை ஈரத்தைக் குடித்து இரும்புக்குக் கொடுத்துவிடும் என்பதால் அதைத் தூர எறிந்தாள். தையல் மிஷின் எண்ணெய் தடவிப் பழைய வேட்டித் துணியில் கத்திகளைச் சுற்றிவைத்தாள். தோல்வாரை உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து, நுரை பூசி, ஞாயிறுதோறும் மழித்தாள். அடுத்த ஞாயிற்றுக்குள் தாடி வளர்ந்துவிடும். கத்திகளுக்குத் துருப்பிடிக்க நேரமே கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு ஆடியில் ஒரு ஞாயிறு காலை பெரிய வீட்டுக் கிருஷ்ணப்பனின் தகப்பனார் இறந்தார். கொள்ளி வைக்கும் மகனின் தலையை ஊர்க்கத்தியால் மழிப்பது வழக்கம். கிருஷ்ணப்பன், அத்திப்பள்ளியில் சலூன் வைத்திருந்த அவளுடைய பெரியப்பா மகன் ஆஞ்சப்பனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"ஏம்மா, அது எங்க தாத்தா பெங்களூருல வாங்கிக் குடுத்த கத்தி. ஊரு சொத்து. ஆஞ்சப்பன் கையில குடுத்துடு."

"வாங்கினது உங்க தாத்தாதானுங்க. துரு ஏறாம வெச்சிருந்தது எங்கப்பன்."

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு கத்தி? யாருக்குச் செரைக்கப் போற?"

"கத்தி வேலையில இருக்குதுங்க," என்று மாதேஸ்வரி சன்னலைக் காட்டினாள். கம்பியில் தொங்கிய தோல்வாரின் பாதி நுரையில் இருந்தது. மறுபாதியில் நரைத்த மயிர் நின்றது. கிருஷ்ணப்பன் சுழியைப் பார்த்தார். பதினாறு வயதில் தொடங்கி, கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்தபோதெல்லாம் தன் முகத்துக்கு நேரே அவர் பார்த்த மோவாய்தான். ஆனாலும் கண்ணால் ஆஞ்சப்பனுக்குச் சாடை காட்டினார்.

ஆஞ்சப்பன் உள்ளே போய்க் கத்தியை எடுத்து, கூர் பார்க்கத் தோல்வாரில் ஒரு இழுப்பு இழுத்தான். கத்தியின் முதுகு முன்னே போக இழுக்க வேண்டும். பிளேடு மாற்றும் சலூன் கத்தியிலேயே பழகியவன், கூர்வாயை முன்னே தள்ளிவிட்டான். தோலில் விரற்கடை நீளம் கோடு விழுந்து ரத்தம் வந்தது.

"எங்கப்பனைக் கீறிட்டியேண்ணா," என்றாள் மாதேஸ்வரி. அவன் கையிலிருந்து கத்தியை வாங்கித் துடைத்துவிட்டு, படிகாரக் கல்லைக் காயத்தில் வைத்து அழுத்தினாள். "நாலு மாசம் கெடந்தாரே, அப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இப்ப ரெண்டு பேரு வந்திருக்கீங்க. போயிடுங்க."

கிருஷ்ணப்பனுக்கு அன்று பேட்டரி மிஷினில் தலைமுடி எடுத்தார்கள். மறுவாரம் ஊர் கூடி மாதேஸ்வரியோடு யாரும் பேசக்கூடாது என்று முடிவெடுத்தது. இரண்டு வருடம் அவளோடு யாரும் பேசவில்லை. அவளும் கத்தியைக் கொடுக்கவில்லை. தெருவைப் பார்த்த சன்னலில்தான் ஞாயிறுதோறும் மழித்தாள். பிறகு ஷிப்ட் மாறியதால் ஓசூருக்குக் குடிபோனாள். சவரப் பெட்டியைச் சந்து வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்ற ஊரில், அவள் தோல்வாரைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய வீட்டு வாசல் வழியாகவே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

ஓசூரில் வீட்டுக்காரர் ஜமீர் அகமது, எத்தனை பேர் என்று கேட்டார்.

"நானும் எங்கப்பாவும்."

அவர், அவள் தோளில் கிடந்ததை உற்றுப் பார்த்தார். தாடியில் மூன்று நாள் வளர்ச்சி இருந்தது.

"பெரியவருக்கு வெளிச்சம் வேணும்னா பின்பக்க ரூம்ல மாட்டும்மா," என்று சாவியைக் கொடுத்தார். "சோப்புத் தண்ணிய மட்டும் படியில ஊத்தாதீங்க, வழுக்கும்."