இடது கீழ் மூலை

"திரும்பிப் பாக்காதடி."

"பாக்கலக்கா."

"நீ மூச்சு விடுறதே எட்டிப் பாக்கிற மாதிரி இருக்கு."

நான் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தேன். முதுகுக்குப் பின்னால் உலோகம் உலோகத்தில் சுழன்று கிளிக் என்று பூட்டிக்கொள்ளும் சத்தம். பிறகு காகிதம் சரசரத்தது. லென்ஸின் உருவமே தெரியாதபடி அக்கா காகிதம் சுற்றுகிறாள். எது எந்த லென்ஸ் என்று எனக்குத் தெரியக்கூடாது என்பது நானே வகுத்த விதி. தெரிந்துவிட்டால் விலை கண்ணை மறைத்துவிடும்.

"ஆச்சு. வந்து உன் பரீட்சையை எழுது," என்றாள்.

பரீட்சை எழுதுகிறவளும் கேள்வித்தாள் அடிக்கிறவளும் கூடப் பிறந்தவர்களாக இருந்தால் முடிவு எப்படி வரும் என்று யாருக்கும் தெரியும் என்றார், சோபாவில் சாய்ந்திருந்த அத்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

நான் ஒரு புகைப்பட மாத இதழில் எழுதுகிறேன். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு மலிவான வைட் ஆங்கிள் லென்ஸ் போதுமா, விலை உயர்ந்ததுதான் வேண்டுமா என்று இந்த முறை ஆசிரியர் எழுதச் சொல்லியிருந்தார். மலிவானதை ஒரு புதிய கம்பெனி கூரியரில் அனுப்பியிருந்தது. விலை உயர்ந்தது அத்தானுடையது. அவர் வீடுகளின் உள்ளறைகளைப் படமெடுப்பவர். கட்டட வடிவமைப்பாளர்கள் சிலர் இன்னும் ஃபிலிமில்தான் வேண்டும் என்று அவரைத் தேடி வருவார்கள். நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் அறையைக்கூட அந்த லென்ஸ் நடனக் கூடம்போல் காட்டிவிடும்.

சோதனைக்கு முன் கையில் எடுத்ததுமே இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது. அத்தானுடையதில் ஃபோகஸ் வளையம் தேனுக்குள் சுற்றுவதுபோல் சுற்றியது. மலிவானதின் வளையம் கரகரத்தது. மூடி தொட்டால் கழன்று விழுந்தது. ஆனால் படத்தில் என்ன வரும் என்பது வேறு சங்கதி. அதுவும் இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்கவே முடியாது. மேலே ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், நாம் அதன் வழியாகப் பார்ப்போம். லென்ஸ் தன் பாட்டுக்கு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். அது என்ன பார்த்தது என்பது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியவரும்.

எனக்கு இது ஒரு கட்டுரை. அக்காவுக்கு அப்படி இல்லை.

அக்கா பல் செட் செய்பவள். டாக்டர்கள் அனுப்பும் அளவுகளில் பிளாஸ்டரை ஊற்றித் தாடைகளை வார்த்து, அவற்றின் மேல் பற்களைக் கட்டுவாள். முன்பு அவள் மேஜை கூடத்து ஜன்னலோரம் இருந்தது. அத்தானின் படங்களில் இடது கீழ் மூலை மட்டும் மங்கலாக விழ ஆரம்பித்தபோது, பிளாஸ்டர் தூசி லென்ஸுக்குள் புகுந்துவிட்டது என்றார் அவர். சண்டை ஒன்றும் போடவில்லை. ஒவ்வொரு படத்தையும் அவள் முன்னால் வைத்து, அந்த மூலையில் விரலை ஊன்றி, பேசாமல் நிற்பார். ஒருநாள் அவளே மேஜையை இழுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே, மாடிப்படி திரும்பும் இடத்தில் போட்டுவிட்டாள்.

அங்கே ஈரக்காற்று. பிளாஸ்டர் இறுகுவதற்குள் குமிழ் விட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம் மேஜையை இடித்தார்கள். மேல்வீட்டுக்காரர் இறங்கும்போதெல்லாம், "இந்த வீட்டுல எல்லாரும் எப்பவும் சிரிச்ச முகமா இருக்காங்க," என்று தாடை வரிசையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போவார். டாக்டர் இரண்டு செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொன்று இப்படி வந்தால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியும் அனுப்பியிருந்தார்.

அதனால்தான் நான் லென்ஸை இரவல் கேட்டு வந்த அன்று அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். புதிய லென்ஸில் தூசி இருக்க வழியில்லை. அத்தானுடைய லென்ஸும் அதைப்போலவே அந்த மூலையைக் காட்டினால் தூசிப் பேச்சு அதோடு முடிந்தது, மேஜை உள்ளே வரவேண்டும். அத்தான் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனால் என் கேமராவிலேயே எடுத்துக்கொள்ளலாமே என்று இரண்டு தடவை கேட்டார். என் கேமரா ரிப்பேரில் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு மனமில்லாமல்தான் தன்னுடையதை ட்ரைபாடில் ஏற்றினார். உயிரான பொருள், கொடுக்க மனம் வருமா என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா தன் தாடைகளை எல்லாம் அலமாரியில் மூலைக்கு மூலை அடுக்கியிருந்தாள். லென்ஸின் ஓரங்களைச் சோதிக்க அதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஒவ்வொரு பல்லுக்கும் இடையே ஒரு மெல்லிய கோடு. வளையத்தைத் தொட்டால் எது என்று தெரிந்துவிடும் என்பதால் நான் சொன்னபடி ஃபோகஸ் வைத்ததும் அக்காதான், நான் பட்டனை மட்டும் அழுத்தி ஃபிலிம் சுருளின் முதல் பாதியை ஒரு லென்ஸில் எடுத்தேன். மறுபடி சுவர் பக்கம் திரும்பி நின்றேன். மறுபடி கிளிக். மறு பாதி. எது முன், எது பின் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். அவள் கழற்றித் தனித்தனியாகத் தந்த கேமராவையும் இரண்டு லென்ஸ்களையும் என் அறைக்கு எடுத்துப்போனேன்.

கழுவிய நெகட்டிவ்களை வெளிச்சப் பலகையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கண் நேராக இடது கீழ் மூலைக்குத்தான் போனது. அங்கே முன்பல் இல்லாத ஒரு தாடை. முதல் பாதியில் அது மாவாகக் கரைந்திருந்தது. இரண்டாம் பாதியிலும் அதே தாடை, அதே அளவுக்கு, அதே பக்கமாகக் கரைந்திருந்தது.

மூலைகள் மங்குவது புதிதல்ல. மலிவு லென்ஸில் நான்கு மூலைகளும் மங்கலாம். உள்ளே ஒரு கண்ணாடி சற்று நகர்ந்திருந்தால் ஒரு மூலை மட்டும் மங்கலாம். ஆனால் எங்கோ இரண்டு வெவ்வேறு தொழிற்சாலைகளில் பிறந்த இரண்டு லென்ஸ்கள் அச்சு மாறாமல் ஒரே மூலையில் தவறுமா? நான் பார்த்த எத்தனையோ லென்ஸ்களில் அப்படி ஒன்று இல்லை. அப்படியானால் இது ஒரே லென்ஸ். அக்கா மாற்றவே இல்லை.

அந்த எண்ணம் வந்ததும் எல்லாம் அதற்கு ஒத்தாசை செய்ய ஆரம்பித்தன. இரண்டாவது முறை லென்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டதா, அல்லது வெறுமனே திருகித் திரும்பப் பூட்டும் சத்தமா? காகிதம் கசங்கியது சீக்கிரம் முடிந்துவிடவில்லையா? மூச்சைப் பற்றி அவள் கிண்டல் செய்தது நான் கவனிக்காமல் இருக்கத்தானோ? அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னதும் நினைவுக்கு வந்தது. என் அக்காவின் கைகளை எனக்குத் தெரியும். அவற்றுக்கு அந்த மேஜை எவ்வளவு அவசியம் என்றும் தெரியும்.

இதற்கிடையே அத்தான் நாள் தவறாமல் போன் செய்தார். வேலை முடிந்ததா, கேமராவை எப்போது தருவாய் என்பார். லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெருமையெல்லாம் லென்ஸில் இருக்கிறவர் ஏன் கேமராவை மட்டும் கேட்கிறார் என்பது அப்போது என் மண்டைக்கு ஏறவில்லை.

அக்காவைப் பார்க்கப் போனேன். மாடிப்படித் திருப்பத்தில் சின்ன மோட்டாரை ஓட்டி ஒரு பல்லை ராவிக்கொண்டிருந்தாள். மடியில், புருவத்தில், படியில் எல்லாம் வெள்ளைத் தூள். நெகட்டிவ்களைக் காட்டி, இரண்டு பாதியும் ஒன்றுபோல இருப்பதாகச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு நான் அடுத்ததைச் சொல்லாமல் நிற்பதைக் கவனித்தாள்.

"என்னடி?"

"இவ்வளவு ஒன்னா இருக்க முடியாதுக்கா."

அவள் மோட்டாரை நிறுத்தினாள். என்னை நானே கட்டாயப்படுத்திக்கொண்டு கேட்டேன், தவறுதலாக ஒரே லென்ஸையே திரும்ப மாட்டிவிட்டாயா என்று. அவள் கையிலிருந்த பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு மயிரிழை மாறினா ஒருத்தரால சாப்பிட முடியாது. அந்த வேலைல இருக்கிறவ நான். தவறுதலாங்கிறதை விட்டுடு. வேணும்னே செஞ்சேனான்னுதானே கேக்க வந்தே?"

நான் நெகட்டிவ்களை உறைக்குள் திரும்பச் செருகினேன். அதுவே பதிலாகிவிட்டது.

"அவருக்கு நான் தூசி. உனக்கு ஏமாத்துக்காரி," என்றாள். "போ. படி வழுக்கும், பாத்துப் போ."

மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் இறங்கும்போது மேல்வீட்டுக்காரர் எதிரே வந்தார். அவருடைய வழக்கமான வசனத்தை அன்று சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கட்டுரை ஒரு வரி நகரவில்லை. ஒரு காலையில், வேறு வழியில்லாமல், இருக்கிற படங்களை வைத்தாவது எழுதலாம் என்று பூதக்கண்ணாடியை எடுத்தேன். பாழாய்ப்போன அந்த மூலையை விட்டுவிட்டு, முதல் தடவையாக மற்ற மூன்றையும் பார்த்தேன்.

வலது மேல் மூலை. முதல் பாதியில் கடைசித் தாடையின் பற்களுக்கு இடையே கோடு கோடாகத் தெரிந்தது. பின்னாலிருந்த சுவரின் தூரிகைத் தடம்கூடத் தெரிந்தது. இரண்டாம் பாதியில் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஓரம் நெடுக ஒரு மெல்லிய இருட்டு இறங்கியிருந்தது. வலது கீழும் அப்படியே. முதலாவது விலை உயர்ந்தது, இரண்டாவது மலிவு. லென்ஸைத் தொட்டுப் பழகாத ஆள்கூடச் சொல்லிவிடலாம். அக்கா மாற்றித்தான் இருந்தாள். அதற்கான சாட்சி என் மேஜையிலேயே அத்தனை நாளும் கிடந்தது.

அப்படியென்றால் அந்த மூலை?

என் கேமரா ரிப்பேரிலிருந்து வந்திருந்தது. அதன் பழைய லென்ஸைக் கழற்றி அத்தானின் கேமராவில் மாட்டி, ஜன்னலுக்கு எதிரே இருந்த செங்கல் சுவரை எடுத்தேன். கழுவிப் பார்த்தால் இடது கீழ் மூலை கரைந்திருந்தது. அத்தானின் லென்ஸை என் கேமராவில் மாட்டி அதே சுவரை எடுத்தேன். நான்கு மூலைகளிலும் செங்கற்கள் எண்ணலாம்போல் நின்றன. லென்ஸ்களைச் சந்தேகப்பட்டேன், அக்காவைச் சந்தேகப்பட்டேன். கேமராவை மட்டும் சந்தேகப்படவில்லை. அது வெளிச்சத்தை அடைத்துவைக்கும் வெறும் பெட்டி என்றுதானே நினைப்போம்.

அந்தப் பெட்டியின் அடிப்பாகத்தை ஒரு தோலுறை மூடியிருந்தது. திருகைக் கழற்றி உறையை உருவினேன். கீழ் விளிம்பில், ஒரு கட்டைவிரல் பதியும் அளவுக்கு உலோகம் உள்ளே போயிருந்தது. லென்ஸ் பூட்டும் வளையத்தில் அந்தப் பக்கத்துத் திருகுகள் புதிதாகக் கீறப்பட்டிருந்தன. யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். வளையம் சாய்ந்திருந்தால் எந்த லென்ஸை மாட்டினாலும் அது சாய்ந்துதான் பார்க்கும்.

உறையை மாட்டாமலே கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வேலையில் இருந்தாள். நான் அருகில் போய் நின்றும் நிமிரவில்லை. உள்ளே போ, அவர் இருக்கிறார் என்பதுபோல் தலையை அசைத்தாள்.

அத்தான் கதவைத் திறந்தவர், என் கையைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினார். கேமராவை வாங்கி, பள்ளத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். ஒரு புதுக் கட்டடத்தின் படிக்கட்டில் கை தவறிவிட்டதாம். அப்போது வெளியே எதுவும் தெரியவில்லையாம். மூலை மங்கியபோது தூசி என்றுதான் உண்மையாகவே நம்பினாராம். கேட்கக் கேட்க நம்பும்படியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"எப்ப தெரிஞ்சுது அத்தான்?"

"ரிப்பேர்காரர் சொன்னப்ப."

"அது எப்ப?"

அவர் ஜன்னலோரத்தைப் பார்த்தார். அங்கே மேஜையின் கால்கள் நின்ற நான்கு இடங்களில் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது.

"மழைக்கு முன்னாடி," என்றார்.

மழைக்காலம் முழுக்க அக்கா வெளியே உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்த இரண்டு செட்டும் அந்த மழையில் வார்த்தவை. நான் கதவுப் பக்கம் திரும்பினேன். அவர் அவசரமாக முன்னே வந்து நின்றார். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார் என்று தோன்றியது. வளையத்தைச் சரிசெய்துவிடுவார். லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று சொல்லி அவரே மேஜையை உள்ளே கொண்டுவந்து போடுவார். அவளுக்கு வேண்டியது மேஜைதானே, அது கிடைத்துவிடும், யார் மனமும் நோகாது என்றார்.

"அவ மனசு ஏற்கனவே நொந்தாச்சு. நான்தான் நோக வச்சேன்," என்றேன்.

"தெரியும். சொன்னா. ரெண்டு நாள் அழுதா." குரலில் இரக்கம் இருந்தது. வேறு ஒன்றும் இருந்தது. அது நிம்மதியோ என்று எனக்குப் பட்டது.

வெளியே மோட்டார் நின்றது. நாற்காலியைப் பின்னால் தள்ளும் ஓசை. அத்தான் என் பக்கம் குனிந்து, குரலை மிகவும் தாழ்த்திக்கொண்டார்.

"நீ அவளைச் சந்தேகப்பட்டே இல்ல, அது அப்படியே இருக்கட்டும்மா. மேஜை உள்ள வர்ற வரைக்கும் மட்டும். எனக்காக இதைச் செய்வியா?"