கொம்பு வைத்த எழுத்து

நமுனுகுல மலையடித் தோட்டம் ஒன்றில், தேயிலைப் பெட்டிகளைப் பண்டாரவளை ரயிலுக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காரன் சின்னராசா. வழியில் மாடுகள் களவு போகின்றன என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, அடையாளம் போட ஒரு சூட்டுக்கோல் செய்வித்திருந்தார். அதன் நுனியில் தோட்டத்துப் பெயரின் முதல் இங்கிலீஷ் எழுத்து, ஏ. மற்ற மாடுகள் ரயிலடிக்குப் போயிருந்ததால் முதல் சூடு சின்னராசாவின் காளை மயிலைக்கு. வேறு யாரும் அதைச் சுடுவதைப் பார்க்கச் சகிக்காமல் அவனே கோலைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

எழுத்தறியாத மனிதன். கோலை இப்படியும் அப்படியும் திருப்பியவன் ஓரிடத்தில் அசந்துபோனான். கீழே கூரான மூஞ்சி, மேலே இரண்டு கொம்பு, குறுக்கே நெற்றிக்கட்டு. அடேயப்பா, மாட்டுக்கென்று மாட்டையே அல்லவா வரைந்து வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன்! அப்படியே வைத்து அழுத்திவிட்டான்.

கணக்கப்பிள்ளை தம்பையா தலையில் அடித்துக்கொண்டார். அந்த மனுசருக்கு நாலு இங்கிலீஷ் எழுத்து தெரியும். அதற்கே கால் தரையில் பாவாது. எழுத்து தலைகீழாக நிற்கிறதென்று கத்தி ஊரைக் கூட்டினார். பச்சைப் புண்ணின் மேலேயே நேராக இன்னொரு சூடு போடச் சொல்லிக் கோலை மறுபடி நெருப்பில் வைத்தார். ஒரு சூட்டுக்கே மாடு கண்ணீர் வழிய நடுங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுத் துரை வந்தார். சின்னராசா மாட்டை மறைத்துக்கொண்டு நின்றான்.

“தொரைங்களே, தப்பு என் மேலதாங்க. எனக்கு அது மாட்டுத் தலையாத்தாங்க தெரிஞ்சிச்சு. சுடுறதுன்னா என்னைய சுடுங்க. இதை விட்டுருங்க.”

துரை குனிந்து அந்தச் சூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் தோட்டத்துத் தமிழில் மெதுவாகச் சொன்னார். அந்த எழுத்து பிறந்ததே மாட்டுத் தலையாகத்தானாம். எந்தக் காலத்திலோ, மேற்கே கடலோரத்து மனிதர்கள் கொம்பு மேலே நிற்க அதை எழுதி, மாடு என்றே பெயரும் வைத்திருந்தார்களாம். தேசம் தேசமாகக் கைமாறி வந்ததில் சாய்ந்து, படுத்து, கடைசியில் கொம்பே காலாகிவிட்டதாம்.

“நாங்கதான் கவுத்துட்டோம், சின்னராசா. இது இப்படியே இருக்கட்டும்,” என்றார்.

தம்பையாவும் குனிந்தார். பார்க்கப் பார்க்க அவருக்கும் கொம்பு தெரிந்தது.

சின்னராசா பழுத்த கோலை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினான். மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் புண்ணில் தடவினான். எந்த ஊர்க்காரனோ, எழுத்தென்று ஒன்றை உண்டாக்க உட்கார்ந்தவனுக்கு இந்த முகம்தானே ஞாபகம் வந்திருக்கிறது! நினைக்க நினைக்க அவனுக்குக் கண் கலங்கியது.

“ஒன் மொகத்தைத்தான்டா மொதல்ல எழுதியிருக்கான்,” என்று மயிலையின் காதோரம் சொன்னான்.