ஜானகி கையில் ஒரு மூடி

1

இந்தக் கதை அயர்லாந்தில் நடந்திருக்க வேண்டியது.

அங்கே நர்ஸாக இருக்கும் என் நாத்தனார் வர்ஷா, லீவு நாளில் கிராமப்புறமாகச் சுற்றிவிட்டுப் படங்கள் அனுப்புவாள். இடிந்த மடாலயம், கல் வேலி, செம்மறி ஆடுகள். ஒரு படத்தில் மட்டும் கூரை வேய்ந்த சின்னக் குடியானவர் வீடு. உள்ளே மேசை, தட்டு, கணப்பின் மேல் தொங்கும் பானை. அந்தக்கால வாழ்க்கை எப்படி இருந்தது என்று காட்டுவதற்காக அப்படியே வைத்திருக்கிறார்களாம். டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கலாமாம்.

பானைக்குள் என்ன இருந்தது என்று கேட்டேன். "அதையெல்லாம் யாருங்க அண்ணி தொறந்து பாப்பாங்க?" என்றாள்.

நான் பார்த்திருப்பேன். அயர்லாந்து மழையை எனக்கு எழுதத் தெரியாது. கோத்தகிரி மழை தெரியும். அதனால் அந்த வீட்டை இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

2

'மலை முகட்டில் மேகங்கள் தவழ…' (வேண்டாம். என் குடும்ப நாவல்களில் அவை ஏற்கெனவே நிறையத் தவழ்ந்துவிட்டன.)

'இந்துமதி அன்று பச்சைச் சுடிதார் அணிந்ததற்கு ஒரு காரணம்…' (காரணம் கிடைக்கவில்லை.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட். வெள்ளைக்கார துரை இருந்த பங்களாவையும், பழைய தொழிலாளர் லைனில் இரண்டு வீடுகளையும் சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். சுற்றிக் காட்டும் பெண் இந்துமதி. அவள் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியது. அம்மா சின்னம்மை அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். குன்னூரில் பேங்க் கிளார்க்காக இருக்கும் வசந்த்குமாரும் இந்துமதியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் அவன் அம்மா ஜானகியிடம் சொல்லத்தான் தைரியமில்லை.

ஆகவே ஒரு திட்டம். அம்மாவைச் சுற்றுலா என்று சொல்லி அழைத்துவருவது. இந்துமதி பேசுவதைக் கேட்டால் அம்மாவுக்குப் பிடித்துப்போகும். பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

(பெண் பார்க்கிற சடங்குதான். பெண்ணுக்குத் தெரியும், பையனுக்குத் தெரியும், விருந்துக்குக் கோழி அடித்துக் குழம்பு வைக்கும் சின்னம்மைக்கும் தெரியும். பார்க்க வந்தவருக்குத்தான் தெரியாது.)

3

ஜானகியை ஒரு கறாரான மாமியாராக எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. பங்களா வாசலில் தூறல் விழுந்ததும் தன் குடையை இந்துமதியின் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். "காலைல சாப்டயா கண்ணு? இப்படிக் கத்திக் கத்திப் பேசறயே" என்றார். வசந்த்குமார் பின்னால் சிரித்துக்கொண்டே நடந்தான். திட்டம் பலித்துக்கொண்டிருந்தது.

காட்சிக்கு வைத்த லைன் வீட்டில் ஒரு பழைய கட்டில், கொழுந்துக் கூடை, அடுப்பு. கரி பிடித்ததுபோலத் தெரிய அடுப்புக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். "எதையும் எடுத்துப் பாக்கலாங்க, அதுக்குத்தான் வச்சிருக்கு" என்றாள் இந்துமதி. ஜானகி ஒவ்வொரு சட்டியாக மூடியைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் காலி.

4

(இங்கே தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு காதல் காட்சி இருந்தது. எடுத்துவிட்டேன். விரும்புகிறவர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். அட்டை ஏறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.)

5

இனி எப்படிச் சொல்வது என்று பேசிக்கொள்ள இருவரும் குழாயடிப் பக்கம் ஒதுங்கினார்கள். அந்த நேரத்தில் ஜானகி மேல் லைனுக்கு ஏறிப் போய்விட்டார். அதே தகரக் கூரை, அதே நீலக் கதவு. திறந்தும் கிடந்தது. செருப்போடு உள்ளே போனார்.

"இந்த ஊட்டத்தான் தத்ரூபமாச் செஞ்சு வெச்சிருக்கறாங்க" என்று தனக்குத்தானே பாராட்டினார். கொடியில் தொங்கிய துண்டைத் தொட்டுப் பார்த்தார். அது ஈரமாக இருந்தது. அதையும் அவர் மெச்சினார். பிறகு நாலு சுவரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாட்டுக் கொட்டாயே இத விடப் பெருசா இருக்கும். இதுக்குள்ள மனுசங்க எப்பிடித்தான் குடியிருந்தாங்களோ" என்றார்.

அடுப்பிலிருந்த சட்டியின் மூடியைத் தூக்கினார். ஆவி முகத்தில் அடித்தது. கோழிக் குழம்பு.

பின்வாசலில், அலசிய கொத்தமல்லியோடு சின்னம்மை நின்றுகொண்டிருந்தாள்.

முதல் பிரதியில் சின்னம்மை கத்தினாள். இரண்டாவதில் புன்னகைத்தாள். இரண்டையும் நான் நம்பவில்லை. இப்போது அவள் ஜானகியின் செருப்பை மட்டும் பார்க்கிறாள்.

"ஆளிருக்கற ஊடுங்களா?" என்றார் ஜானகி.

"ஆளிருக்கோம்" என்றாள் சின்னம்மை. "குந்துங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."

(அது உபசாரமா, அதட்டலா? குரலை எழுத முடியாதது எழுத்தின் பெரிய குறை.)

6

தேடிக்கொண்டு இருவரும் ஓடிவந்தார்கள். வாசலில் இந்துமதி, எப்போதும்போல, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

ஜானகி அதைப் பார்த்தார். காட்சி வீட்டுக்குள் செருப்போடு நடந்த பெண், இங்கே கழற்றுகிறாள். பிறகு தரையில் விரித்திருந்த புதுப் பாயையும், மகனின் முகத்தையும் பார்த்தார். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இந்தப் புள்ளையாடா?" என்றார். வசந்த்குமார் தலையாட்டினான்.

ஜானகிக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. என் நாவல்களில் இத்துடன் சுபம் போட்டுவிடலாம். ஆனால் சின்னம்மை பேசினாள்.

"நீங்க சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சு. எம்மகள ஒங்க வீட்டுக்கு அனுப்பலாமான்னு இனிமே நாந்தான் யோசிக்கணும்."

இந்துமதி, அம்மா பேச்சைத் தட்டமாட்டாள். அது வசந்த்குமாருக்கும் தெரியும்.

7

இதுவரை எழுதியதை என் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். "ஏனுங்க, நீங்க அந்தம்மாவா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நானா இருந்தா டீக்கடையிலயே உக்காந்திருப்பேன். அங்கெல்லாம் நடக்கறதுக்கு யாரால ஆகும்?" என்றார். கொஞ்சம் கழித்து, "மொதல்ல செருப்பக் கழட்டச் சொல்லு" என்றார்.

நான் மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். கோயம்புத்தூரில் கல்யாண மண்டபம். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் பேசாமல் திரும்பும் தாயும் மகனும். மூன்றாவதில் எல்லோரும் அழுவார்கள். மூன்றையும் கிழித்தாயிற்று.

ஜானகி வெளியே போகிறார். அப்படியே போய்விடுவார் என்று வசந்த்குமார் பயப்படுகிறான். அவர் படியிறங்கி, செருப்பைக் கழற்றி, இந்துமதியின் செருப்புக்குப் பக்கத்தில் விடுகிறார். தூறலில் நிற்கிறார். அவசரத்தில் கீழே வைக்க மறந்த மூடி இன்னும் கையில்.

"உள்ள வரலாங்களா?" என்று கேட்கிறார்.

அவரை வாசல்வரை கொண்டுவர என்னால் முடிந்தது. வாங்க என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அது சின்னம்மையின் வீடு. இத்தனை நேரம் அதற்குள் நின்று பார்த்தவர் நீங்கள். அவள் என்ன சொல்வாள் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் அவசரம் வேண்டாம். குழம்பு கொதித்து வழிகிறது. சின்னம்மை குனிந்து அடுப்பைக் குறைக்கிறாள். அவள் நிமிரட்டும்.