சூளையில் வெடித்த அரிமா

லோ ஆறு வண்டல் சுமந்து சுழித்தோட, அதன் கரையடுத்த வெண்மண் குன்றுகளின் இடுப்பில் வரிசையாய் எழுந்த சூளைகளின் புகை இலந்தைத் தோப்புகளின்மேல் மென்துகிலெனப் படர, வைக்கோலில் பொதிந்த மண்குதிரைகளும் ஒட்டகங்களும் எருத்து வண்டிகளில் அசைந்தசைந்து லோயாங் நகர்க் கல்லறைகளை நோக்கிச் செல்லும் இளவேனிற் காலைப்பொழுது அது.

அக்குன்றின் குயவருள் தூ ஹெங் என்பான் பெயர் பெற்றவன். கல்லறை வாயிலின் இருமருங்கும் நின்று தீயவற்றை விரட்டும், கொம்பும் சிறகும் குளம்பும் கொண்ட காவல் விலங்குகளை, மாந்த முகத்தது ஒன்றும் அரிமா முகத்தது ஒன்றுமாக, இணையிணையாய் வனைவதில் அவனுக்கு நிகர் அவனே என்றனர். அவன் மனைவி யுன்நியாங் அவற்றுக்குப் பச்சையும் பொன்னிறமும் பூசுவாள், அவ்வளவே. அவ்வாண்டோ, மறைந்த படைத்தலைவர் ஒருவரின் கல்லறைக்கென மாந்த முகத்ததை முடித்த கையோடு அவன் காய்ச்சலில் விழ, அடக்க நாள் தவறலாகாதென்று அரிமாவை அவளே வனைந்தாள்.

அப்படைத்தலைவர் வீட்டு மேலாளான பெய், காயவைத்த உருக்களைக் காண வந்தார். அரிமாவைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினார்.

"அடியாத்தி! மேல பாயுற மாதிரியே நிக்குதே! பேயெல்லாம் இதைப் பார்த்தா ஊரை விட்டே ஓடிடும்யா!" என்றவர், மாந்த முகத்தை நோக்கிச் சிரித்தார். "இவரு யாரு? எங்க மாமனார் மூக்குமுட்டச் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கிற மாதிரியே இருக்காரு!"

யுன்நியாங்கும் சிரித்தாள், சிரித்த வாயை உடனே கைத்துகிலால் மறைத்தாள். ஆயினும், காய்ச்சல் தணிந்து எழுந்து வந்திருந்த ஹெங் கண்டுவிட்டான். பிறர் நகையைப் பொறுத்த நெஞ்சு இல்லாளின் நகையைப் பொறுக்கவில்லை. பசுமரத்தின் உள்ளே பற்றிய தீயென, வெளியே புகையாது உள்ளேயே கனன்றது.

உள்ளீடற்ற உருக்களின் வயிற்றடியில் வெப்பம் வெளியேற ஒரு துளை விடுவர்; அது அடைபட்டால் உரு வெடித்துவிடும். சூளையில் உருக்களை அடுக்குகையில், அரிமாவின் துளையை ஈரமண்ணால் அவன் அடைத்தான்.

மறுநாள் சூளைக்குள் இடியென ஓர் ஓசை எழுந்தது. தீ ஆறித் திறந்தபோது, மாந்த முகத்தது பழுதின்றி நின்றது. அரிமா ஓடுகளாய்ச் சிதறிக் கிடந்தது. ஓடுகளைப் பொறுக்கிய யுன்நியாங் ஒன்றைக் கையிலேந்தி நெடிது நோக்கினாள். அடைத்த மண்ணில் பெருவிரற் பதிவும் அதன் குறுக்கே ஒரு வடுவும் வெந்து இறுகியிருந்தன.

"இந்தச் சூளையில பெருவிரல்ல வடு இருக்கிறவங்க எத்தனை பேருங்க?" என்றாள்.

அவன் தலைகவிழ்ந்தான். "அந்தாளு என்னைக் கேலி பண்ணினப்ப நீயும் சிரிச்சே."

"ஆமா, சிரிச்சேன். அவரு மாமனாரை நான் நேர்லயே பார்த்திருக்கேன், அதான். அதுக்கா என் வேலையைக் கொன்னீங்க? உங்க பேரு கெடக்கூடாதுன்னுதானே நான் மண்ணுல கையே வச்சேன்!"



அடக்க நாளுக்கு நாற்பது நாள் இருந்தது. அவள் மீண்டும் ஓர் அரிமாவை வனைந்தாள். சூளையில் தானே வைத்தாள். அவனை அருகே வரவிடவில்லை. கொம்பும் சிறகும் குளம்பும் முறைப்படி அமைந்தன. பாய்ச்சல் மட்டும் வரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா முன்ன பார்த்தது போல இல்லையேம்மா?" என்றார் பெய்.

"அதைச் சூளை தின்னுடுச்சுங்க," என்றாள் அவள், கணவனைப் பாராமலே.

இணையொத்த இரு விலங்குகளும் கல்லறைக்குள் இறங்கின, செங்கல் வாயில் அடைபட்டது, மண் மூடியது. மனைவியின் கைவண்ணம் தன்னதை விஞ்சலாகாதென விழைந்தவன் விழைந்ததைப் பெற்றான். ஆயினும், அன்பரீர், அதன்பின் அவன் வனையத் தொடங்கிய ஒவ்வோர் அரிமாவிலும் அந்தப் பாய்ச்சலையே தேடினான். அதன் கழுத்து எவ்வாறு வளைந்தது, முன்கால் எவ்வளவு உயர்ந்தது என்று அவளிடம் கேட்க நாவெழாமல், முதுமையளவும் ஈரமண்ணைப் பிசைந்தும் அழித்தும் இருந்தான்.