அகல்யா யார்?

"அகல்யா, டேங்க் நெறஞ்சிருச்சு. மோட்டார ஆஃப் பண்ணு."

சமையலறைச் சுவரிலிருந்த சின்ன ஸ்பீக்கர், அவள் கணவர் ஹரிபிரசாத் பதிந்துவைத்த குரலில் சொன்னது. தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த அகல்யா சுவிட்சை அணைத்துவிட்டு, "பண்ணிட்டனுங்க" என்று வழக்கம்போல அதற்குப் பதில் சொன்னாள். உள்ளறையிலிருந்து ஹரிபிரசாத், "அது நானில்ல, மெஷினு. அதுக்கெதுக்கு இத்தனை மரியாதை" என்று சிரிக்க வேண்டும். அன்று சத்தமில்லை. கருகல் வாசனை மட்டும் வந்தது, தோசைக்கல்லிலிருந்து அல்ல. போய்ப் பார்த்தபோது அவர் மேசைமேல் கவிழ்ந்திருந்தார். கையிலிருந்து நழுவிய சால்டரிங் அயர்ன் மேசை விரிப்பைத் தீய்த்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்றார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து மாமியார் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும். மாலையில், வடக்கே அவர்கள் குடியிருந்த விஷ்ராந்த்வாடி வீட்டுக் கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி இறங்கியது. "ப்ளக் கிதர் ஹை, பாயி?" என்று பிளக் இருக்குமிடத்தைப் பெட்டிக்காரர் இந்தியில் கேட்டார். அதே ஊரில் சாங்வியிலிருந்து ஓடிவந்திருந்த கொழுந்தன் பிரணவ் டி.வி.க்குப் பின்னால் கையை விட்டு, செருகியிருந்த எதையோ பிடுங்கி இடம் பண்ணிக் கொடுத்தான்.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்ததும் யாரோ மோட்டாரைப் போட்டார்கள். அகல்யா பெட்டியின் தலைமாட்டில் அசையாமல் இருந்தாள். "ஒரு வாய் காப்பியாவது குடி கண்ணு" என்று மாமியார் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் காது சமையலறையில் இருந்தது. தொட்டி நிறைந்தால் அவர் இன்னொரு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அதைக் கேட்டுவிட்டால் அப்புறம் தூக்கிக்கொண்டு போகட்டும்.

ஸ்பீக்கர் பேசவில்லை. மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் வழிந்து சன்ஷேடில் விழும் சத்தம் கேட்டது.

"தம்பி, ஸ்பீக்கர பேசவைக்கற அந்த போர்டு ஏன் பேசல?"

பிரணவ் அவசரமாக எழுந்தான். டி.வி.க்குப் பின்னாலிருந்து சீட்டுக்கட்டளவு போர்டை எடுத்து வேறு பிளக்கில் செருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஓடுகிறது என்று காட்டும் பச்சை வரவில்லை.

"ஓடிட்டிருக்கறப்பவே புடுங்கிட்டனுங்க அண்ணி. மெமரி கார்டு போயிருச்சு, அதுல இருந்த குரலும்."

"நீயும் இந்தக் கம்ப்யூட்டர் வேலைதான பாக்கற? இத முறையாத்தான் அணைக்கோணும்னு அவரு தலைப்பாடா அடிச்சுக்குவாரே."

"பெட்டிக்குக் கரண்ட் வேணும்னாங்க. வேற ஒண்ணுமே தோணலிங்க."

அதற்குமேல் அவனை என்ன சொல்வது? வீடியோ எடுத்தால் கேமராவுக்குப் பின்னால் வாய் திறக்காமல் நிற்பவர் அவர். போனில் எல்லாம் தட்டச்சுதான். அவருடைய லேப்டாப்புக்கோ பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது.

"எனக்கு அந்தக் குரல் வேணும் தம்பி. வேற எதுலயும் இல்ல. தூக்கறதுக்குள்ள எப்படியாச்சும் எடுத்துக் குடு." அவனுடைய சட்டையைப் பிடித்திருந்தது அவளுக்கே தெரியவில்லை.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பிரணவ் பெட்டியருகே தரையில் உட்கார்ந்து போனில் தேடினான். தொட்டிக்காக எழுதிய புரோகிராமை அண்ணன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவைத்திருந்தார்.

"அண்ணி, இங்க பாருங்க. கூடவே இந்தக் குரலையும் தெரியாம ஏத்திவிட்டிருக்காரு. போர்ச்சுகல்ல ஒருத்தரு தோட்டத்துத் தொட்டிக்கு மாட்டிட்டு இங்கிலீஷ்ல கேட்டிருக்காரு. 'தொட்டி நிறைந்தால் உங்கள் கருவி ஏதோ மொழியில் பேசுகிறது. அதில் அகல்யா என்று மட்டும் பிரித்துக் கேட்கிறது. அகல்யா யார்?'"

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"'தப்பு என்னுடையது, அந்தக் குரலை எடுத்துவிட்டு, முடிந்ததென்று நானே இந்தக் கேள்வியை மூடுகிறேன்'னு எழுதியிருக்காரு. ரெண்டு வருசமாச்சு, இன்னும் எடுக்கல."

பிரணவ் குரலைத் தட்டினான்.

"அகல்யா, டேங்க் நெறஞ்சிருச்சு. மோட்டார ஆஃப் பண்ணு."

மாமியார் சட்டென எழுந்து பெட்டியின் கண்ணாடிமேல் இரண்டு கைகளையும் ஊன்றி உள்ளே பார்த்தாள். "ஹரி?" என்றாள்.

அகல்யா எழுந்து சமையலறைக்குப் போனாள். சுவிட்சை அணைத்தாள். "பண்ணிட்டனுங்க" என்றாள். சற்று நேரம் அங்கேயே நின்றாள். சன்ஷேடில் சத்தம் குறைந்து, சொட்டாகி, நின்றது.

திரும்பி வந்தபோது நான்கு பேர் பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பிரணவ் போனைத் தரையில் வைத்துவிட்டுக் கால்மாட்டில் கைகொடுக்கப் போயிருந்தான். திரை இன்னும் அணையவில்லை. 'அகல்யா யார்?' என்ற கேள்வியின் பக்கத்தில், இன்னும் மூடப்படவில்லை என்று காட்டும் பச்சைக் குறி அப்படியே இருந்தது.