கண்ணாடி அறையில் இரண்டு நிமிஷம்

மூடிக் கிடந்த எங்கள் மில்லுக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. நகரத்தின் நட்டநடுவில் இருபது ஏக்கர் என்றால் சும்மாவா? புகைபோக்கிக்கு வர்ணமடித்து "பாரம்பரியச் சின்னம்" என்று பலகை மாட்டினார்கள். கொதிகலன் அறை காபிக் கடையாகிறதாம். நெசவுக்கூடம் விற்பனை அலுவலகமாகி, நடுவில் முதலாளிக்கு ஒரு கண்ணாடி அறையும் முளைத்திருந்தது. மூலையில் ஒரே ஒரு தறி. அதை முப்பது வருஷம் ஓட்டிய என் மாமியார் கிட்டே போனதற்கே, "தொடாதீங்கம்மா" என்று காவலாளி விரட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மில்லை ஒட்டித் தொழிலாளர் வீடுகள் நாற்பது. அதில் ஒன்று மாமியாருடையது. நான் வீட்டோடு மாப்பிள்ளை. ஆறு மாசம் காலி செய்து கொடுத்தால் வீட்டைப் புதுப்பித்துச் சாவியைக் கையில் தருவார்களாம். அதற்குக் கையெழுத்து வாங்கத்தான் அன்று கூட்டம். மாமியாருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. அதனால் எங்கள் வீட்டுப் பேனா என் கையில் இருந்தது.

"ரெண்டே நிமிஷம்" என்று முதலாளி கட்டட வரைவாளரைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் பேனா மூடியைக் கழற்றினேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போடாதீங்க மாப்பிள்ளை. வெளிய போனா திரும்ப வர முடியாதாம். நம்ம வீடுங்க இருக்குற எடத்துல கார் நிறுத்துற இடம் வரப்போகுதாம்."

"யாரு அத்தை சொன்னா?" என்று கத்தினேன்.

"முதலாளிதான், இப்போ, அந்தக் கண்ணாடிக்குள்ள. மில்லு ஓடுனப்போ அந்தத் தறிச் சத்தத்துல யாரு காதால கேட்டா? உதட்டப் பார்த்துத்தான் பேசிக்குவோம்."

பிறகு கூடத்தின் பக்கம் திரும்பி, சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்தார். பழைய நெசவாளர்கள் ஒவ்வொருவராகப் பேனாவை மேஜைமேல் வைத்தார்கள். வெளியே வந்த முதலாளி முழித்தார்.

"யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசலியே! என்னாச்சு?"

வீட்டுக்கு நடக்கும்போது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அத்தை, நீங்க இல்லேன்னா இன்னிக்கு நடுத்தெருதான்!" என்று வழக்கம்போலத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"எதுக்குக் கத்துறீங்க? மெதுவா சொன்னாலும் எனக்குத் தெரியும்" என்றார். "போன மாசம் என் பொண்ணுகிட்ட, கிழவி கண்ண மூடினா வீடு நமக்குத்தான்னு சொன்னீங்களே. அப்பவும் மெதுவாத்தான் சொன்னீங்க."

என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. அவர் பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை."